40 பவுண்டுப் பையில் என்ன மரம்?

போன கோடையில் வீட்டுப் பின்பக்கம் நண்பர்கள் குடும்பத்தோடு கூடியிருந்தபோது ஓர் அக்கா கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. கிரில்லில் கோழித் தொடைகள் பாதி வெந்திருந்தன. ஹாப்பரில், அதாவது கிரில்லின் எரிபொருள் தொட்டியில், பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள்) குறைந்துவிட்டதே என்று கேரேஜிலிருந்து ஒரு பையைத் தூக்கி வந்து கொட்டினேன். பையில் எழுதியிருந்ததை அக்கா நின்று படித்தார். "தம்பி, இது வீட்டுக்குள்ள சூடு வர்றதுக்கு எரிக்கிற பெல்லட்டுன்னு போட்டிருக்கே. இதுலயா கோழி சுடுறீங்க?" என்றார். "ஓக் மரத்தூள்தான் அக்கா, நூறு சதவீதம் ஓக்குன்னு கீழே போட்டிருக்கு பாருங்க" என்று காட்டினேன். அவர் அந்த வரியையும் படித்துவிட்டு, கொஞ்சமும் கோபமில்லாமல், "பையில போட்டிருக்கு சரி. உள்ள போட்டதை யாரு பார்த்தா?" என்று கேட்டார். பிறகு எல்லாரும் சாப்பிட்டோம், அக்காவும் சாப்பிட்டார், பேச்சு வேறெங்கோ போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. யார் பார்த்தார்கள்?

நான் இருப்பது பென்சில்வேனியாவில். இங்கே குளிர்காலத்தில் பெல்லட் எரித்து வீட்டைச் சூடாக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. எரிவாயுக் குழாய் வராத கிராமப் பகுதிகளில் ஹீட்டிங் ஆயிலுக்கு மாற்றாக இதுதான். அதனால் செப்டம்பர் வந்தாலே பண்ணைச் சாமான் கடைகளின் வாசலில் 40 பவுண்டுப் பைகள் மலைபோல அடுக்கப்பட்டுவிடும். 50 பை சேர்ந்தால் ஒரு டன், அப்படியே லாரியில் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ஒரு பை ஏறக்குறைய 7 டாலர். அதே கடைக்குள் கிரில் வரிசையில் 20 பவுண்டு சமையல் பெல்லட் பை இருக்கும், பிராண்டைப் பொறுத்து 15 முதல் 20 டாலர் வரை. பவுண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒன்று 17, 18 சென்ட், மற்றது ஒரு டாலரை நெருங்குகிறது. 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில், மெல்லிய சூட்டில், பெல்லட் கிரில் மணிக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு வரை தின்னும். ஒரு முழு பிரிஸ்கெட்டுக்கு, அதாவது மாட்டின் மார்புக் கறிக்கு, 12, 14 மணி நேரம் என்றால் சமையல் பெல்லட்டில் ஒரு பையே காலி. குளிர்காலத்தில் வெளியே பனி கிடக்கும்போது இன்னும் கூடுதலாகப் போகும், கூரான காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம். எப்போதாவது ஒரு முறை சுடுகிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை. வாரந்தோறும் வெளியே சமைக்கிற வீட்டுக்கு வருடக் கணக்கில் இது பெரிய பணம், மளிகைக்கோ பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கோ போக வேண்டிய பணம். ஆகவே மலிவான பையைப் பற்றி யோசிப்பதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆட்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு பக்கம், ஹீட்டிங் பெல்லட்டில் பசை இருக்கும், பெயின்ட் இருக்கும், என்னென்னவோ இருக்கும், சாப்பாட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்பார்கள். இன்னொரு பக்கம், எல்லாம் ஒரே மரத்தூள்தான், பையின் படத்துக்குத்தான் காசு என்பார்கள். இரண்டு பக்கமும் உறுதியாகப் பேசுகிறார்கள். ஆனால் அக்கா கேட்ட கேள்விக்கு இரண்டு பக்கத்திலும் பதில் இல்லை. பயப்படுகிறவரும் உள்ளே போனதைப் பார்க்கவில்லை, தைரியமாக இருக்கிறவரும் பார்க்கவில்லை.

ஒரே வீட்டில் பிறந்த இரண்டு அடுப்புகள்

பெல்லட் கிரில் சமையல் உலகத்தில் பிறந்த பொருள் இல்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவில் எண்ணெய்க்கு மாற்றான எரிபொருளுக்குத் தேடல் தொடங்கியது. அறுவை ஆலைகளில் குவிந்து கிடந்த மரத்தூளை அழுத்திச் சிறு உருளைகளாக்கும் முயற்சி அந்தப் பத்தாண்டில் வட மேற்கு மாநிலங்களில் சூடு பிடித்தது. 80களின் தொடக்கத்தில், போயிங்கில் பொறியாளராக இருந்த ஜெரி விட்ஃபீல்ட் வீடுகளுக்கான பெல்லட் அடுப்பை வாஷிங்டன் மாநிலத்தில் உருவாக்கினார். ஒரிகன் மாநிலத்தின் மவுன்ட் ஏஞ்சல் என்ற சிறு ஊரில் டிரேகர் குடும்பம் வீடுகளுக்கு ஹீட்டிங் சாதனம் விற்றுக்கொண்டிருந்தது. ஜோ டிரேகர் அதே நுட்பத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, 80களின் நடுவில் பெல்லட் கிரில்லைச் செய்து, காப்புரிமையும் வாங்கினார். அந்தக் காப்புரிமை 2006இல் காலாவதியான பிறகுதான் மற்ற நிறுவனங்கள் வரிசையாக உள்ளே வந்தன. இன்று கடையில் பத்து விதமாகப் பார்க்கிறோமே, அது அதற்குப் பின் நடந்தது. ஆக, வீட்டை வெதுவெதுப்பாக வைக்கிற அடுப்பும் கறி சுடுகிற அடுப்பும் அண்ணன் தம்பிதான், அண்ணன் ஹீட்டர்.

உள்ளே இருக்கிற வேலையும் ஒன்றுதான். ஹாப்பரில் கொட்டிய பெல்லட்டை ஆகர் என்கிற திருகுத் தண்டு மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சின்ன இரும்புக் கிண்ணத்தில் போடும். ஒரு மின்கம்பி பழுக்கச் சூடாகித் தீ மூட்டும், விசிறி காற்று ஊதும், கன்ட்ரோலர் வெப்பத்தைப் பார்த்து எவ்வளவு வேகத்தில் தள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும். இரண்டிலும் பெல்லட்டின் குறுக்களவு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். பெல்லட் செய்கிற விதமும் மாறுவதில்லை. தூளை நுணுக்கி, ஈரத்தை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, துளைகள் நிறைந்த கனத்த எஃகு வளையத்தின் வழியே பெரும் அழுத்தத்தில் பிதுக்குவார்கள். அந்த உராய்வுச் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் லிக்னின் இளகும், ஆறும்போது இறுகும், அதுவே பசை. தனியாகப் பசை சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை, சில ஆலைகள் கொஞ்சம் மாவுப் பொருளோ தாவர எண்ணெயோ சேர்ப்பது உண்டு. பெல்லட்டின் மேல் தெரியும் அந்த மினுமினுப்பைப் பார்த்து மெழுகு பூசியிருக்கிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது இளகி இறுகிய லிக்னின்தான்.

இது வரைக்கும் படித்தால் "எல்லாம் ஒரே மரத்தூள்தான்" பக்கம் ஜெயித்த மாதிரி இருக்கும். எனக்கும் இந்த இடத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு இடத்தில் பாதை பிரிகிறது, முழு விஷயமும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

புகை எந்த வழியாகப் போகிறது

வீட்டு அடுப்பில் தீ ஒரு மூடிய பெட்டிக்குள் எரிகிறது. புகை குழாய் வழியே வீட்டுக்கு வெளியே போய்விடும், சூடு மட்டும் உள்ளே வரும். கிரில்லில் அந்தப் புகை இறைச்சியைச் சுற்றி வந்து, அதன் மேல் படிந்து, பிறகுதான் வெளியேறுகிறது. சொல்லப்போனால் அது படிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம். அடுப்புக்காரர் புகையே வேண்டாம் என்கிறார், நமக்குப் புகைதான் சாப்பாட்டில் ஒரு பொருள், உப்பு மிளகு மாதிரி. எனவே பெல்லட் என்ன மரம் என்பது அவருக்கு இரண்டாம் கேள்வி, நமக்கு முதல் கேள்வி.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஹீட்டிங் பெல்லட்டின் தர விதிகளைப் படித்தால் நிறையப் புரிகிறது. அமெரிக்காவில் பெல்லட் ஃப்யூவல்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பின் தர முத்திரை பல பைகளில் இருக்கும். அதில் 'பிரீமியம்' என்று இருந்தால் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, குளோரைடு பத்து லட்சத்தில் 300 பங்குக்குள் இருக்க வேண்டும், பைக்குள் உதிர்தூள் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2015இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டு விறகடுப்புகளுக்கு விதிகளைப் புதுப்பித்தபோது பெல்லட்டுக்கும் நிபந்தனை போட்டது. இரசாயனம் ஏற்றிய மரம், பெயின்ட் அடித்த மரம், இடித்த கட்டடத்தின் கட்டைகள், குப்பை, இவை எதுவும் அதில் சேரக் கூடாது. படித்தபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். ஹீட்டிங் பெல்லட் என்றால் ஏதோ கேட்பாரற்ற சரக்கு என்று பேசுகிறார்களே, அதற்குத்தான் அளந்து பார்க்கிற ஆளும் எண்ணும் இருக்கிறது. கிரில் வரிசைக்குப் போய்ச் சமையல் பெல்லட் பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஹிக்கரி என்று மரத்தின் பெயர் பெரிதாக இருக்கும், நல்ல படம் இருக்கும், சிலவற்றில் 'கலவை' என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதாவது அடிப்படை ஓக் அல்லது ஆல்டர், மேலே கொஞ்சம் ஹிக்கரி. சாம்பல் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று அச்சிட்ட பை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

ஆனால் அந்த எண்கள் எதற்காக என்பதையும் பார்க்க வேண்டும். சாம்பல் குறைய வேண்டும் என்பது தினமும் கிண்ணத்தைத் துடைக்க வேண்டியிராமல் இருக்க. குளோரைடு குறைய வேண்டும் என்பது அடுப்பின் இரும்பும் புகைக்குழாயும் அரித்துப் போகாமல் இருக்க. உதிர்தூள் குறைய வேண்டும் என்பது ஆகர் அடைபடாமல் இருக்க. எல்லாம் அடுப்பின் ஆரோக்கியத்துக்கு, சாப்பிடுகிறவரைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை, இருக்க வேண்டிய காரணமும் இல்லை. அதைவிட முக்கியம், 'பிரீமியம்' என்ற சொல் மரத்தின் வகையைச் சொல்வதில்லை. முழுக்க ஃபர் மரத்தில் செய்த பெல்லட்டும் பிரீமியமாக இருக்கலாம். அடுப்புக்காரர்கள் அதைத் தேடியே வாங்குவார்கள், பிசின் இருப்பதால் பவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் சூடு கிடைக்கும், சாம்பலும் குறைவு. நமக்கு அது வேண்டாம்.

பைன், ஃபர் போன்ற ஊசியிலை மரங்கள் நஞ்சு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பன்றித்தொடையை ஊசியிலை மரப் புகையில்தான் பக்குவப்படுத்துகிறார்கள், சீனாவின் லாப்சாங் சூசோங் தேயிலையை உலர்த்துவது பைன் புகையில். அவை தலைமுறை தலைமுறையாக அந்த மரத்துக்கென்றே பழகிய முறைகள். 225 டிகிரியில் 12 மணி நேரம் மூடிய கிரில்லுக்குள் பிசின் நிறைந்த மரத்தை எரித்தால் கரி படியும், நாக்கில் ஒரு கசப்பும் டர்பன்டைன் வாடையும் நிற்கும். கடின மரத்தின் லிக்னின் எரியும்போது குவாயக்காலோடு சிரிங்கால் என்ற பொருளும் சேர்ந்து வருகிறது. நமக்குப் பழகிய 'சுட்ட வாசம்' பெரும்பாலும் அதுதான். ஊசியிலை மரத்தின் லிக்னினில் குவாயக்கால்தான் மிகுதி, சிரிங்கால் சொற்பம். இது ருசிப் பிரச்சினை.

உடம்புப் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பிளைவுட், துகள்பலகை ஆலைகளின் கழிவில் யூரியா ஃபார்மால்டிஹைடு போன்ற பசைகள் இருக்கும். பழைய வேலிக் கட்டை, மாடித் தளக் கட்டைகளில் குரோமியம், தாமிரம், ஆர்செனிக் மூன்றையும் ஏற்றியிருந்த காலம் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு அது 2003 கடைசியோடு நிறுத்தப்பட்டாலும் அந்தக் கட்டைகள் இன்னும் உலகத்தில்தான் இருக்கின்றன. சரக்கு ஏற்றும் மரத் தட்டுகளில் சிலவற்றை மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயுவால் புகையடித்து அனுப்பியிருப்பார்கள், 'எம்பி' என்ற முத்திரை இருக்கும். அரைத்துத் தூளாக்கிவிட்டால் முத்திரையும் போச்சு, பெயின்டும் போச்சு, எல்லாம் பழுப்பு நிறம். விதி தடுக்கிறது என்பதும், அன்று வந்த லாரியில் என்ன இருந்தது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். அக்கா கேட்டது இரண்டாவதை.

ஆலையில் கேட்டது

பையில் இருந்த எண்களுக்கு போன் செய்ய ஆரம்பித்தேன். யாருமே சொல்லாத எளிய வழி இது, ஆனால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஓர் ஆலையில் பேசியவர், சுத்தமான மரம் எது வந்தாலும் எடுப்போம், பைனும் வரும் ஓக்கும் வரும், பருவத்துக்குப் பருவம் மாறும் என்று நேர்மையாகச் சொன்னார். அவர் விற்பது வீட்டுக்கான எரிபொருள், அதற்கு அது போதும். இன்னொரு இடத்தில் 'தொழில் ரகசியம்' என்றார்கள். பிறகு, இதே மாநிலத்தின் மலைப்பகுதியில் இருக்கும் ஓர் ஆலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒருவர் போனை எடுத்தார். நான் கேட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சனிக்கிழமை காலையில் ஓட்டம் இருக்கும், வந்து பாருங்களேன்" என்றார்.

போனேன். பென்சில்வேனியா கடின மரத்துக்குப் பேர் போன மாநிலம். வடக்கே அலகெனி மேட்டு நிலத்தின் செர்ரி மரம் உலகம் முழுக்க மேசை நாற்காலிக்குப் போகிறது. அந்த ஆலைக்குப் பக்கத்திலேயே மரத்தரை செய்யும் தொழிற்சாலைகள். பலகையை முதலில் சூளையில் உலர்த்தி, பிறகு இழைத்து, நாக்கும் பள்ளமும் வெட்டுவார்கள். அந்த இழைப்புத் தூள்தான் மூடிய டிரெய்லர்களில் ஆலைக்கு வருகிறது. ஏற்கெனவே உலர்ந்த தூள் என்பதால் மறுபடி உலர்த்தும் செலவு மிச்சம், பெல்லட் மலிவாக இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். வந்த லோடை அவர் கையில் அள்ளிக் காட்டினார், வெளிர் பழுப்பு, லேசாகப் புளித்த ஓக் வாசம். பிளைவுட் துண்டு ஒன்று கண்ணில் பட்டாலும் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார். இது சாப்பாட்டுக்காக இல்லை, பசை இருந்தால் சாம்பல் கட்டிதட்டி அடுப்புக்காரர்கள் புகார் செய்வார்கள், சோதனையில் தர முத்திரை போய்விடும். இயந்திரத்திலிருந்து வெளியே விழுகிற பெல்லட் கைபொறுக்காத சூட்டில் மெத்தென்று இருந்தது, குளிர்விப்பானைத் தாண்டி வந்தபோது சடசடவென்று ஒலித்தது. அந்த ஒலியை வைத்தே அவர் அன்றைய ஈரம் சரியா என்று சொல்லிவிடுவாராம்.

பிறகு பை போடும் இடத்துக்கு வந்தோம். அங்கே இரண்டு விதப் பைகள் இருந்தன. ஒன்று எனக்குத் தெரிந்த 40 பவுண்டு. இன்னொன்று 20 பவுண்டு, வேறொரு பிராண்டின் பேரில், சமையலுக்கு, ஓக் என்று போட்டது. இரண்டுக்கும் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். மேலே கை காட்டினார், ஒரே சைலோ, சரக்கைச் சேமிக்கும் உயரமான தொட்டி. ஹிக்கரி, செர்ரி பைகளுக்கு அந்தந்தத் தூள் வரும் நாட்களில் இயந்திரத்தைத் துப்புரவு செய்து தனியாக ஓட்டுவார்களாம். ஓக் பைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அப்படியானால் நான் 40 பவுண்டுப் பையைக் கிரில்லில் போடலாமா என்று நேராகவே கேட்டேன். அவர் சொன்னது இது: "என் வீட்டில் நான் அதைத்தான் போடுகிறேன். ஆனால் உங்களைப் போடச் சொல்ல மாட்டேன். அந்தப் பையில் சமையலுக்கு என்று நாங்கள் எழுதவில்லை."

திரும்பி வரும் வழியெல்லாம் இந்தப் பதில்தான் மனதில் ஓடியது. சைலோ ஒன்று, தூள் ஒன்று, இயந்திரம் ஒன்று. இருந்தும் இரண்டு பைகளுக்கு நடுவில் உண்மையான ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது பொறுப்பு. 20 பவுண்டுப் பையில் ஒருவர் 'சமையலுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நாளைக்கு அதில் ஏதாவது கலந்திருந்தால் அவரைக் கேட்கலாம். 40 பவுண்டுப் பையில் அந்தக் கையெழுத்து இல்லை, அங்கே பொறுப்பு வாங்குகிறவரிடம் வந்துவிடுகிறது. விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி இதற்கு என்றால் அதை நான் ஒப்புக்கொள்கிறேன். சின்னப் பை, கிரில் வரிசையில் இடம், விளம்பரம் இவற்றுக்கும் செலவு உண்டுதான். ஆனால் ஐந்து மடங்கா? சைலோவைக் கண்ணால் பார்த்த பிறகு அதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை. இந்த 40 பவுண்டு ஓக் பையிலேயே 'தரைப்பலகை ஆலைத் தூள், சேர்மானம் இல்லை, சமையலுக்கும் ஏற்றது' என்று ஒரு வரி அச்சிட்டு 10 டாலருக்கு விற்றால் நான் சந்தோஷமாக வாங்குவேன், என்னைப் போல ஏராளமானவர்கள் வாங்குவார்கள். இதை அவரிடமும் சொன்னேன். மேலே சொல்லிப் பார்க்கிறேன் என்றார்.

இன்னொன்றும் அன்று உறைத்தது. நான் திருப்தியடைந்தது அந்த ஒரு ஆலையைப் பற்றி, அதுவும் அந்த ஓக் பையைப் பற்றி மட்டும்தான். 'ஹீட்டிங் பெல்லட்டில் சமைக்கலாமா' என்று பொதுவாகக் கேட்டால் இப்போதும் என்னிடம் பதில் இல்லை. 'இந்த ஆலையின் இந்தப் பை' என்று கேட்டால் இருக்கிறது. இரண்டு பக்கத்தாரும் பொதுவாகப் பேசுவதால்தான் சண்டை தீரவே மாட்டேன் என்கிறது என்று நினைக்கிறேன்.

நாக்குக்கு என்ன தெரிகிறது

ருசி வித்தியாசம் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருக்கிறது, ஆனால் மக்கள் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை. பெல்லட் கிரில்லின் தீ மிகவும் சுத்தமான தீ. விசிறி விடாமல் காற்று ஊதுவதால் மரம் கிட்டத்தட்ட முழுசாக எரிந்துவிடுகிறது, விறகுக் கட்டை போட்டு எரிக்கும் ஸ்மோக்கரோடு ஒப்பிட்டால் புகை குறைவுதான். அந்தக் குறைந்த புகையில் ஓக்கா மேப்பிளா என்று கண்டுபிடிப்பது கடினம், ஹிக்கரியும் மெஸ்கீட்டும்தான் கொஞ்சம் தனியாகத் தெரியும். ஹீட்டிங் பெல்லட்டில் பட்டை அநேகமாக இருக்காது, பட்டை சேர்ந்தால் சாம்பல் ஏறும் என்பதால். பட்டை சேர்ந்த சமையல் பெல்லட்டோடு வைத்துப் பார்த்தால் ஓக் ஹீட்டிங் பெல்லட்டின் புகை இன்னும் மென்மை. கோழிக்கும் மீனுக்கும் எனக்கு அது பிடித்திருக்கிறது. பிரிஸ்கெட்டுக்கும் ஆட்டுத் தொடைக்கும் போதவில்லை. ஆகவே நீண்ட சமையலில் முதல் மூன்று நான்கு மணி நேரத்துக்கு, இறைச்சி குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருந்து புகையை நன்றாகப் பிடிக்கிற நேரத்துக்கு, நல்ல ஹிக்கரிச் சமையல் பெல்லட். பிறகு இறைச்சியைக் காகிதத்தில் சுற்றிவிட்டால் புகைக்கு வேலை இல்லை, சூடு மட்டும் போதும், அப்போது ஓக் ஹீட்டிங் பெல்லட். பவுண்டுக்கு 8,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) சொச்சம் வெப்பம் எல்லா மரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், சூட்டுக்கு மட்டும் டாலர் டாலராக எரிக்க எனக்கு மனம் வரவில்லை. பீட்சா, ரொட்டி, சோளம் என்று 450 டிகிரியில் செய்கிற எதற்கும் அந்தச் சூட்டில் புகையே கிட்டத்தட்ட இருக்காது, அவற்றுக்கு முழுக்க மலிவுப் பைதான்.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். மரத்தின் பெயர் பையில் இருக்க வேண்டும், 'கடின மரம்' என்று மட்டும் இருந்தால் போன் செய்து எந்த மரம், எந்த ஆலையின் தூள், மரத் தட்டுகளை அரைக்கிறீர்களா, என்ன சேர்க்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராத பை வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும். வீட்டுக்கு வந்ததும் ஒரு கைப்பிடியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், சில நிமிடங்களில் ஊதி, உதிர்ந்து, வெறும் தூளாக வேண்டும், பச்சை மர வாசம் வர வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் நின்றாலோ பெயின்ட், பைன், மருந்து வாசம் வந்தாலோ அந்தப் பை பக்கத்து வீட்டு அடுப்புக்குப் போகட்டும். இந்தச் சோதனை பைன் மரத்தையும் எண்ணெயையும் ஓரளவு காட்டும், ஆர்செனிக்கைக் காட்டாது, அதனால் போன்தான் முதலில். பெரும்பாலான கிரில்களின் கையேட்டில் ஹீட்டிங் பெல்லட் போடாதே என்று எழுதியிருக்கும். வாரன்டி காலத்தில் இருக்கிறவர்கள் அதை யோசித்துக்கொள்ள வேண்டும், என் கிரில்லுக்கு அது முடிந்துவிட்டது. பைகளைத் தரையில் வைக்காதீர்கள், ஒரு முறை ஈரம் பட்டால் ஊதிவிடும், ஊதினது ஆகரில் போனால் சிமென்ட் மாதிரி இறுகும், தோண்டி எடுக்க ஒரு நாள் போய்விடும். டன் கணக்கில் வாங்கினால் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். குவித்து வைத்த பெல்லட் கார்பன் மோனாக்சைடு விடும். ஐரோப்பாவில் பெரிய சேமிப்பு அறைகளுக்குள் இறங்கியவர்கள் இறந்தே போயிருக்கிறார்கள்.

வாங்குகிற நேரமும் முக்கியம். அக்டோபரில் இந்தப் பைகளுக்காகக் காத்திருப்பது வீட்டைச் சூடாக்க வேறு வழி இல்லாத குடும்பங்கள். சில வருடம் ஜனவரியில் கடைகளில் பெல்லட் தீர்ந்துபோய், எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் மூன்று ஊர் தாண்டிப் போய் வாங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் நான் ஏப்ரலில்தான் வாங்குகிறேன். குளிர் முடிந்து, கடைக்காரர் உரமும் செடியும் வைக்க இடம் தேடிக்கொண்டிருப்பார், மிச்சப் பைகளை விலை குறைத்துத் தள்ளிவிடுவார். கோடை முழுக்க வேண்டியதை அப்போதே எடுத்து வைத்துவிடுவேன். அப்படி எடுக்கும்போது பையில் ஆலையின் பெயரும் தயாரித்த தேதியும் பார்த்துத்தான் எடுக்கிறேன். கடையில் ஒரே அடுக்கில் இரண்டு ஆலைகளின் பைகளைக் கலந்து வைத்திருப்பார்கள், நிறம் கூட ஒன்று போலவே இருக்கும்.

வீட்டுக்கு யாராவது சாப்பிட வந்தால் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஹீட்டிங் பெல்லட், இந்த ஆலையில் செய்தது, இந்தத் தூளைப் பார்த்துவிட்டு வந்தேன், வேண்டாம் என்றால் சமையல் பையும் இருக்கிறது என்று. சிலர் வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்கு ஹிக்கரிப் பையைத் திறக்கிறேன்.